புதுப்பிப்பு: தம்பியின் விமானப் படிப்புக்கு இலவசப் பக்கங்கள்

விமானப் பராமரிப்பு படிக்கும் தம்பிக்கு, கோளாறு கண்டுபிடிக்க உதவும் இலவசப் பக்கங்கள் வேண்டும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட அண்ணன்மாருக்கு நன்றி. சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பக்கம் இணைய லைன் இழுபறிதான், ஆனாலும் எல்லாம் இறங்கிவிட்டது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி பழுதுபார்ப்பு முறைகளுக்கு நல்லது. ஆனால் அவன் விடாமல் படிப்பது விமான எஞ்சின் தயாரிக்கும் லைக்கமிங் நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் (பராமரிப்புக் குறிப்பு) 1132. மேக்னெட்டோ என்பது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி, எஞ்சினில் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் சோதனையில் எஞ்சின் சுழற்சி 175 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேல் குறையக்கூடாது, இரண்டு மேக்னெட்டோவின் குறைவுக்கும் வித்தியாசம் 50க்குள் இருக்க வேண்டும். அதிர்வில்லாமல் சீராக அளவுக்கு மேல் குறைந்தால், பெரும்பாலும் எரிபொருள் கலவையைத்தான் பார்க்க வேண்டுமாம். நான் நேராக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியிருப்பேன்!

அப்புறம், விமானங்களுக்கான கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகளை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈஏஎஸ்ஏ தளத்தில் தேடலாம். பெரிய விமானங்களின் மேனுவல் மட்டும் இலவசமாகக் கிடைக்காது. வேலை செய்யும் இடத்தில்தான் பார்க்க முடியும்.