பழைய மாத நாவல்கள்: துருவேறிய ஸ்டேப்ளர் பின்னும், கழன்று விழும் கடைசித் தாளும்

குளச்சல் வாசகி:
எண்பது, தொண்ணூறுகளில் வந்த காதல் நாவல்களும் துப்பறியும் நாவல்களும் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கு. எல்லாம் சாணித்தாள், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடிச்சது. பின் துருவேறி, தொட்டா முதல் தாளும் கடைசித் தாளும் கையோடு வருது. மர்ம நாவலில் கடைசித் தாள் போனா கொலையாளியே தப்பிச்ச மாதிரிதானே! சிலதில் ஓட்டையும் தெரியுது. பைண்டிங் கடையில் கொடுக்கலாமா, வீட்டிலேயே சரி பண்ணலாமா?

நாகர்கோவில் நூலடுக்கு:
அக்கா, பின்னைத் தொடுமுன் பூச்சியைப் பாருங்க. சின்ன வட்ட ஓட்டை தாள் தாளா ஊடுருவிப் போனா வண்டுப்புழு. மேலோட்டமா, ஒழுங்கில்லாமல் சுரண்டின மாதிரி இருந்தா வெள்ளிமீன் பூச்சி. அட்டைப் பசைதான் அதுக்கு ருசி. மண்கோடு ஓடியிருந்தா சிதல் (கறையான்). அப்போ பெட்டிக்கு முன்னாடி சுவரையும் தரையையும் கவனிக்கணும்.

புழுவுக்கு மருந்து வேண்டாம். நாலைந்து புத்தகமா ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வைங்க. எடுத்ததும் கவரைப் பிரிக்காதீங்க, ஒரு நாள் வெளியே கிடக்கட்டும். குளிர்ந்த தாளில் கடல்காற்று பட்டா உடனே நீர் கோத்துக்கும்.

மார்த்தாண்டம் தையல்கட்டு:
கடையில் கொடுக்காதீங்க. நாலைந்து நாவலைச் சேர்த்து ஓரத்தில் துளை போட்டுத் தைத்து, மூணு பக்கமும் வெட்டிடுவாங்க. மாத நாவலில் ஓர வெள்ளை ரொம்பக் குறைவு; உள்பக்க எழுத்தெல்லாம் தையலுக்குள் போயிடும். வளைத்துப் படிச்சா காய்ந்த சாணித்தாள் மடிப்பிலேயே ஒடியும்.

வீட்டிலேயே செய்யலாம். நடுப்பக்கத்தைத் திறந்தா பின்னின் கால்கள் மடங்கியிருக்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கீற்று வெட்டி காலுக்கு அடியில் சொருகி, மொண்ணைக் கத்தியால் நிமிர்த்துங்க. ஃபிலிம் இல்லாமல் நெம்பினா, துருவில் ஒட்டின தாளும் சேர்ந்து கிழியும். பிறகு முதுகுப் பக்கமிருந்து இழுக்கணும். வர மறுக்கிற காலை வெட்டுக்குறட்டால் நறுக்கி எடுங்க. துருத்தூளைத் தூரிகையால் தட்டிவிடுங்க. கறையைத் தேய்க்கவே கூடாது.

பழைய ஓட்டையில் தைக்காதீங்க, அங்கே துரு தாளின் நாரையே தின்னிருக்கும். மடிப்பில் புதுசா 3 துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. பருத்தி நூல், புத்தக உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. நைலான் தாளை அறுத்துடும். உள்ளிருந்து நடுத்துளை வழியா வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. நீளமா ஓடுற நூலுக்கு இரண்டு பக்கமும் முனைகள் வரும்படி வைத்து, அதன் மேல் முடிச்சு.

குளச்சல் வாசகி:
நன்றி அண்ணே. கழன்ற தாள் மடிப்பிலேயே இரண்டா கிழிஞ்சிருந்தா? பக்கம் எதுவும் குறையலைன்னு எப்படி உறுதி பண்றது?

மார்த்தாண்டம் தையல்கட்டு:
மடிப்பு நெடுக 1 செ.மீ. அகல டிஷ்யூ கீற்றை மைதாப் பசையால் ஒட்டி, கனத்துக்கு அடியில் வைத்துக் காயவிட்டுத் தையுங்க. பசை தண்ணியா, துளியளவு போதும். செல்லோடேப் தொடவே வேண்டாம். நாளானா பசை கசிந்து எழுத்தின் மேல் பழுப்பா ஊறிடும். வெள்ளைப் பசை காய்ந்து விறைத்துக்கும்.

பக்கக் கணக்கு எளிது. 96 பக்க நாவல்னா, விரித்த தாளின் ஒரு முகத்தில் உள்ள இரண்டு எண்ணும் கூட்டினா 97 வரணும்: 1-உடன் 96, 7-உடன் 90. முதல் தாள் காணோம்னா முடிவும் காணோம்னு அர்த்தம். அதனால்தான் பின் துருத்ததும் மர்ம நாவல்தான் முதலில் பாழாகுது. அதையே முதலில் எடுங்க.

தக்கலை அலமாரி:
இந்த வேலையைத் தை, மாசியில் வச்சுக்கோங்க. நம்ம குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. நடுவில் தாள் நல்லாக் காயாது. தகரப்பெட்டி இராத்திரியில் உள்ளே வியர்க்கும், மாற்றிடுங்க. இறுக்கமா மூடுற 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் 100 கிராமைத் துணிப்பையில் போட்டு வைங்க. மணிகள் பச்சையானா, 120 டிகிரி ஓவனில் (மின் அடுப்பில்) 2 மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்குங்க. அந்துருண்டை வேண்டாம், நாற்றம் தாளில் ஏறினா போகாது. படிக்கிறவங்க மூச்சுக்கும் கெடுதல். டப்பா வெளிச்சுவரை ஒட்டாமல், பலகை மேல் இருக்கட்டும்.