நிபந்தனை மாறியா, படலை மாறியா?

அன்பின் நண்பர்களுக்கு,

தானியங்கிக் களமிறக்கல் (மென்பொருளைத் தானாகவே சேவையகத்தில் ஏற்றும் முறை) கையேட்டில் ஒரு சொல் இன்னும் இழுபறியில் கிடக்கிறது. தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் 'படி', அதாவது அந்த வேலைக்கட்டம், இந்த முறை ஓட வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு மாறியின் பெறுமானத்தை வைத்து முடிவெடுக்கிறோமே, அந்த மாறிக்கு என்ன பெயர்? வரைவில் உள்ள 'நிபந்தனை மாறி' எனக்குச் சரியாகப்படவில்லை. மாறி பெறுமானத்தை வைத்திருக்கும். நிபந்தனை அதைச் சோதிக்கும். பிழை வருவதே இரண்டுக்கும் நடுவில்தான்.

களமிறக்கலுக்குப் பயன்படும் அன்சிபிள் என்ற கருவியைப் பாருங்கள். கட்டளை வரியில் மாறிக்குச் சமக்குறி போட்டு 'ஃபால்ஸ்' (பொய்) என்று கொடுத்தால் அது எழுத்துச் சரமாகத்தான் போய்ச் சேரும். முன்பு, வெறுமையில்லாத சரம் 'உண்மை' என்று கொள்ளப்பட்டு, நிறுத்த நினைத்த படி ஓடிவிடும். 2.19 பதிப்பிலிருந்து இதைப் பிழையாகக் காட்டுகிறது. நிபந்தனையில் பூல் வடிகட்டியை (சரத்தை உண்மை/பொய்ப் பெறுமானமாக மாற்றுவது) சேருங்கள், அல்லது பெறுமானத்தை, அதன் வகை மாறாமல் போய்ச் சேரும் ஜேசன் வடிவில் கொடுங்கள்.

என் முன்மொழிவு 'படலை மாறி'. 'தர்க்கப் படலை' (லாஜிக் கேட்) நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் சொல். திறந்தால் படி ஓடும், சாத்தினால் ஓடாது.

ஹட்டனிலிருந்து

*

அண்ணா, வணக்கம்.

'படலை மாறி' எனக்குச் சம்மதம். தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லாத சொல், ஆகவே முதல் இடத்தில் 'வேலியில் வைக்கும் கதவு' என்று ஒரு வரி விளக்கம் வேண்டும். ஒரு மனிதர் சரிபார்த்து அனுமதிக்கும் இடத்துக்கு இதைப் போடவேண்டாம்; அது 'ஒப்புதல்'.

படலையை எப்போது பார்க்கிறார்கள் என்பதும் வரையறையில் வரட்டும். மைக்ரோசாஃப்டின் களமிறக்கல் சேவையான அஷூர் பைப்லைன்ஸில் டொலர் குறிக்குப் பின் இரட்டை நெளி அடைப்பில் எழுதியது, ஓட்டம் தொடங்கும் முன்பே கணிக்கப்பட்டுவிடும். முந்தைய படியின் ஸ்கிரிப்ட் வைத்த பெறுமானம் அதற்குத் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட மாறியைப் படியின் 'கண்டிஷன்' வரியில்தான் சோதிக்க வேண்டும். அங்கேயும் ஒரு பொறி உண்டு: சொந்த நிபந்தனை எழுதியவுடன் 'முந்தையவை வெற்றி' என்ற இயல்புச் சோதனை போய்விடும். பரிசோதனை தோற்ற பிறகும் களமிறக்கல் ஓடும். 'சக்ஸீடட்' என்ற அந்த வெற்றிச் சோதனையையும் 'அண்ட்' போட்டுச் சேர்த்தே எழுத வேண்டும். இதேபோன்ற சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் அந்தச் சோதனை தானாகவே சேர்ந்துகொள்ளும், நாமே வேறு நிலைச் சோதனை (முந்தையவை வென்றனவா, தோற்றனவா என்று பார்ப்பது) எழுதாதவரை. இந்த வேறுபாட்டைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஓடாமல் விட்ட படிக்கு வரைவில் 'விடுபட்டது' என்று இருக்கிறது. அது மறதியால் நேர்ந்தது போலத் தொனிக்கிறது. 'தாண்டியது' என்போம். 'வெற்றி' என்று மட்டும் எழுதக்கூடாது. கிட்ஹப்பில் நிபந்தனையால் தாண்டிய வேலையின் நிலை வெற்றியாகவே பதிவாகி, கட்டாயச் சோதனையாக வைத்திருந்தாலும் நிரல் மாற்றத்தை இணைப்பதைத் தடுக்காது.

பதுளையிலிருந்து