கூரை ஷீட் உடைந்து ஆள் விழுந்தால், வரைபடம் கொடுத்தவருக்குச் சட்டப் பொறுப்பு உண்டா?

கேள்வி: கோவை ஷெட்காரர்

வணக்கம். ஸ்டீல் ஷெட்டுகளுக்குக் கட்டமைப்பு வடிவமைத்துக் கொடுக்கும் தனி ஆலோசகன் நான். 2018இல் நான் வரைந்த ஒரு பஞ்சுக் கிடங்கின் கூரையில் பிற்பாடு சோலார் பேனல்கள் பொருத்தியிருக்கிறார்கள். சென்ற மாதம் அவற்றைக் கழுவ ஏறிய தொழிலாளி, தூசி படிந்து மற்ற ஷீட்டுகளின் நிறத்துக்கே வந்துவிட்ட ஒரு ஸ்கைலைட் ஷீட்டின்மேல் (வெளிச்சம் வருவதற்காக வைக்கும் ஒளி புகும் ஷீட்) கால் வைத்து உள்ளே விழுந்துவிட்டார். கீழே பஞ்சுப் பொதிகள் அடுக்கியிருந்ததால் இடுப்பெலும்பு முறிவோடு பிழைத்தார். "அந்த இடத்தில் ஸ்கைலைட் வைக்கச் சொன்னது யார்?" என்று உரிமையாளர் என்னைக் கேட்கிறார். காற்றுக்கும் சுமைக்கும், கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநெறியான ஐ.எஸ். 875 சொன்னபடியே கணக்கிட்டிருந்தேன். கட்டி முடித்த பின் நடப்பதற்கும் வடிவமைப்பாளர் பதில் சொல்ல வேண்டுமா?

பதில் 1: பழைய சேஃப்டி ஆபிசர்

முதலில், காயம்பட்டவர் நலம் பெறட்டும்.

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020இன் 8ஆம் பிரிவு கட்டடக்கலைஞர், திட்டப் பொறியாளர், வடிவமைப்பாளர் ஆகியோருக்கென்றே எழுதப்பட்டது. திட்டமிடும்போதே தொழிலாளரின் பாதுகாப்பைக் கருத வேண்டும், ஆபத்தான அமைப்பையோ பொருளையோ வடிவமைப்பில் சேர்க்கக் கூடாது, பராமரிப்பின்போது வரக்கூடிய ஆபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அது மூன்று உட்பிரிவுகளில் சொல்கிறது. இது புதிய சிந்தனையும் அன்று. கட்டுமானத் தொழிலாளர் மத்திய விதிகள் 1998இன் 6ஆம் விதியில் ஏறத்தாழ இதே வாசகம் இருந்தது, நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்கவில்லை.

தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதால், 2018இல் வரைந்த வரைபடத்தை அதன் தண்டனைப் பிரிவுகளைக் கொண்டு அளக்க முடியாது. மேலும், யார் எப்படிக் கூரை ஏறலாம் என்று கட்டுப்படுத்த வேண்டிய முதல் பொறுப்பு அந்த இடத்தை நடத்துபவருடையது. பேனல் பொருத்தியவரும் உங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இன்று உங்கள் மேசையிலிருந்து போகும் வரைபடத்தின் நிலை வேறு. கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

பராமரிப்பு பற்றிய மூன்றாம் உட்பிரிவு, அரசு விதிகளில் குறிக்கும் "சிறப்பு ஆபத்துகள்" பற்றியே பேசுகிறது என்று வழக்கறிஞர் வாதாடலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பதில் 2: ஃபேப்ரிகேஷன் யார்டு

ஐ.எஸ். 875 படி செய்தேன் என்கிறீர்களே, அதன் இரண்டாம் பகுதியைத் திரும்பப் பாருங்கள். பத்து பாகைக்கு மேல் சரியாத, பராமரிப்புக்கு மட்டுமே ஏறும் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 75 கிலோ எடை) சுமை எடுக்கிறோம். ஆள் ஏறுவார் என்பதால்தானே அந்த எண்ணே அங்கே இருக்கிறது? ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினுக்கு அவரைக் கணக்கில் சேர்த்துவிட்டு, இரண்டு பர்லினுக்கு நடுவே அவர் கால் எங்கே படும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். குறை சொல்வதற்காக எழுதவில்லை, நானும் இருபது வருடம் அப்படித்தான் அனுப்பினேன்.

ஸ்கைலைட்டுக்கு அடியில் கம்பி வலை, முகட்டில் லைஃப்லைன் (பாதுகாப்புக் கயிறு) மாட்ட நான்கு ஆங்கர் கொக்கிகள், பேனல் வரிசைகளுக்கு இடையே நடைபாதை ஆகியவற்றை வரைபடத்திலேயே காட்டிவிட்டால் யார்டில் எங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில், பல மாடி ஸ்டீல் கட்டடத்தின் வெளிவரிசைத் தூண்கள் தளத்துக்கு மேல் 48 அங்குலம் நீள வேண்டும், பாதுகாப்புக் கயிறு கோக்க 42 முதல் 45 அங்குல உயரத்தில் துளை இருக்க வேண்டும் என்று உண்டு. அந்தத் துளையைத் தரையில் போடுவது சில நிமிட வேலை. தூணை நிறுத்திய பிறகு அதே துளைக்கு ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஏற வேண்டும்.

பதில் 3: சிங்கைப் பொறியாளர்

இங்கே சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவே அருகே ரயில் சுரங்கப் பணிக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் இறந்தார்கள். தற்காலிகச் சுவரின் வடிவமைப்பிலும் முட்டுகளின் இணைப்பிலும் இருந்த பிழைகளை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. 2006இல் புதிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வடிவமைப்பிலேயே பாதுகாப்பு என்னும் 2015 விதிமுறைகளும் வந்தன. ஒப்பந்தத் தொகை 10 மில்லியன் சிங்கப்பூர் டாலரோ அதற்கு மேலோ இருந்தால், வடிவமைப்பில் எஞ்சியிருக்கும் ஆபத்துகளைப் பதிவேட்டில் எழுதிக் கட்டட உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டடம் கைமாறினால் பதிவேடும் கூடவே போகும். உங்கள் ஷெட்டுக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், பேனல் பொருத்த வந்தவர் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 0.75 பற்றிச் சொன்னது உறைத்தது. இப்போது கையிலுள்ள இரண்டு ஷெட்டுகளின் கூரை வரைபடத்தில் ஸ்கைலைட் இருக்கும் இடங்களைச் சிவப்புக் கோடிட்டு, "மிதித்தால் உடையும், அடியில் வலை கட்டாயம்" என்று எழுதியிருக்கிறேன். ஒரு உரிமையாளர் செலவைக் காரணம் காட்டி வலையை நீக்கச் சொல்கிறார். அதை எழுத்தில் தரும்படி கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.