அத்தையின் கருமாதியும் கபோ பள்ளத்தாக்கும்

குமார் (மோரே, மணிப்பூர்): அம்மாவின் கருமாதி வரும் வெள்ளிக்கிழமை. அங்கிருந்து யார் யார் வருகிறீர்கள்? சமையற்காரருக்குச் சொல்ல வேண்டும்.

முருகன் (தமு, பர்மா): நான் வருகிறேன். எல்லை வாயில் திறந்திருந்தால்.

செல்வி (யாங்கோன்): திறக்காவிட்டால்?

முருகன்: எல்லையின் இந்தப் பக்கம் நம்பலாங் சந்தையில் நின்று கும்பிட வேண்டியதுதான்.

குமார்: இங்கே ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். தமு இருக்கும் கபோ பள்ளத்தாக்கை நேருதான் பர்மாவுக்குக் கொடுத்தாராம். கொடுக்காமல் இருந்தால் தமுவும் மோரேயும் ஒரே நாடாம்.

தங்கவேல் (மாந்தளை): குமார், அது தவறு. யாருக்கும் அனுப்பாதே. 1826இல் ஆங்கிலேயர்-பர்மியர் போரை முடித்த யாந்தபோ உடன்படிக்கை ஆனபோது அந்தப் பள்ளத்தாக்கு மணிப்பூர் மன்னர் கம்பீர் சிங் வசம் இருந்தது. பர்மிய மன்னரின் ஆவா அரசவை விட்டுக்கொடுக்கவில்லை. 1830இல் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக ஆவாவுக்கு வந்த ஹென்றி பர்னி பர்மிய மொழி அறிந்தவர். அரசவையின் பழைய ஏடுகளைத் தேடிப் படித்து, பர்மியர் பக்கமே நியாயம் என்று தம் மேலிடத்துக்கே எழுதினார். 1834 ஜனவரியில் பள்ளத்தாக்கு பர்மாவுக்குத் திரும்பியது. மணிப்பூருக்கு மாதம் 500 சிக்கா ரூபாய் (அன்றைய வெள்ளி நாணயம்) ஈடு. மலையடிவாரத்தை ஒட்டி எல்லை வகுத்தவர் கேப்டன் பெம்பர்ட்டன். நேரு பிறந்ததே 1889இல்.

ராணி சித்தி: அவன் எத்தனை பேர் என்றுதானே கேட்டான்?

தங்கவேல்: சொல்லி முடித்துவிடுகிறேன், ராணி. பர்மாவில் கடைகள் நாட்டுடைமை ஆன 1964இல் அப்பாவும் என் தங்கையும் (குமாரின் அம்மா) மோரேக்குப் போனார்கள். இந்தியாவும் பர்மாவும் ரங்கூனில் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1967 மார்ச் 10. அவள் மோரே வீட்டு வாசலில் மூன்று வருடம் கோலம் போட்ட பிறகு.

முருகன்: இது எனக்குத் தெரியாது பெரியப்பா.

குமார்: தாத்தா இறந்தபோதும் நீங்கள் வரவில்லை மாமா. அன்றும் எல்லையைத்தான் சொன்னீர்கள். அம்மா கடைசிவரை அதை மறக்கவில்லை.

செல்வி: குமார், இப்போது எதற்கு அது?

தங்கவேல்: கேட்கட்டும். தமுவில் இரண்டு நாள் நின்றேன். அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு வாங்கிய வேட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த எல்லைக்கோட்டைப் போட்டது யார் என்று அன்றுதான் படிக்க ஆரம்பித்தேன்.

குமார்: தமு வரை வந்தீர்களா? அம்மாவுக்குத் தெரியாதே.

தங்கவேல்: சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை.

ராணி சித்தி: அந்த வேட்டி?

தங்கவேல்: பெட்டியில் இருக்கிறது.

ராணி சித்தி: அத்தையின் சிவப்புக்கல் கம்மல் யாரிடம் இருக்கிறது? கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

குமார்: அலமாரியில் இருக்கிறது. பிறகு பேசலாம் அத்தை.

முருகன்: வாழையிலை நான் கொண்டுவருகிறேன். வியாழன் மாலை வாயிலில் விசாரித்துச் சொல்கிறேன்.

குமார்: நாற்பது பேர் என்று சொல்லட்டுமா?

ராணி சித்தி: முப்பத்தைந்து சொல்.

தங்கவேல்: எனக்கும் ஒரு இலை போடச் சொல், குமார்.

செல்வி: அப்பா, இந்தக் காலோடு அவ்வளவு தூரம் பஸ்ஸிலா? நான் தொலைபேசியில் கூப்பிடுகிறேன், எடுங்கள்.