லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ்: கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

திண்ணைப்பூனை:
நேற்று சாயங்காலம் பஜ்ஜி வாங்கினேன். பொட்டலத் தாளைப் பிரித்தால் ஒரு பெண்மணியின் ஆதார் ஜெராக்ஸ்! படம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, 12 இலக்கமும் பளிச்சென்று. மேல் மூலையில் பேனாவால் "ரூம் 204". ஏதோ லாட்ஜின் பழைய ஃபைல் எடைக்குப் போயிருக்கிறது. கிழித்து அடுப்பில் போட்டேன். நானும் அடிக்கடி வெளியூரில் தங்குகிறவன். என் தாளில் யார் வடை தின்றார்களோ! இனி கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார்தான் தருவேன். நீங்கள்?

சாவிக்கொத்து:
நான் லாட்ஜ் நடத்துகிறவன், எதிர்க்கட்சி. தங்கினவர் ஏதாவது செய்துவிட்டுப் போனால் ஸ்டேஷனில் உட்காரப்போவது நான். எட்டு எண்ணை மறைத்த தாளை நீட்டினால் "இதென்னய்யா அரைகுறை" என்பார்கள்.

ஈரோட்டு மஞ்சள்:
அண்ணே, அந்த முழு எண்ணை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஃபைலில் கோக்கிறீர்கள், அவ்வளவுதானே? ஜெராக்ஸில் வேறு படத்தை ஒட்டி மறுபடி ஜெராக்ஸ் எடுக்க ஐந்து நிமிடம் போதும். உண்மையான ஆளா என்று பார்க்க கியூஆர் கோடு இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் வரும். அதிலும் முழு எண் இல்லை.

வழிப்போக்கன்77:
2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் "கண்ட இடத்தில் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு கொடுங்கள்" என்றது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் வாபஸ். அவர்களே அப்படியென்றால் லாட்ஜ்காரரைத் திட்டி என்ன பயன்? எண் தெரிந்ததும் கணக்கு காலியாகிவிடாது, ஓடிபியோ கைரேகையோ வேண்டும். பூனையார் சும்மா பீதி கிளப்புகிறார்.

திண்ணைப்பூனை:
பணம் மட்டும்தான் போகுமா? தனியாகத் தங்கிய பெண்ணின் படமும் முகவரியும் பஜ்ஜிக் கடையில் கிடக்கிறது. எவனாவது வாசலில் வந்து நின்றால் எந்த ஓடிபி தடுக்கும்?

சாவிக்கொத்து:
பிடித்தேன்! மாஸ்க்டிலும் படம், முகவரி எல்லாம் இருக்கிறதே, பூனை சார். அதைக் கொடுத்திருந்தாலும் அந்தம்மா பொட்டலத்தில்தான் வந்திருப்பார்.

திண்ணைப்பூனை:
சரி, அது என் தப்புதான். அப்படியானால் தாளையே ஏன் வாங்குகிறீர்கள்? பார்த்துவிட்டு ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு கையோடு திருப்பிக் கொடுத்தால் என்ன?

ஈரோட்டு மஞ்சள்:
இதில் ஒரு கூத்து. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை முடிந்த தகவலை அழிக்கச் சொல்கிறது. ஆனால் அது டிஜிட்டல் தகவலுக்குத்தான். ஸ்கேன் செய்யாமல் மூட்டையில் கிடக்கும் ஜெராக்ஸுக்குப் பொருந்தாது. உங்கள் பழைய ஃபைல்கள் எங்கே அண்ணே?

சாவிக்கொத்து:
ரிஜிஸ்டரோடு விட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, ஜெராக்ஸ் வாங்கத்தான் செய்வேன். பழையது மாடிப்படிக்குக் கீழே நாலு மூட்டை. பழைய பேப்பர்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்... அந்தத் தாள் கிழிக்கிற மெஷின் என்ன விலை வரும்?