இங்கிலாந்து கிராமத்துச் சபையில் அறுப்பின் பண்டிகை: என்ன கொண்டு போவது?

நாசரேத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நார்ஃபோக்கில் ஒரு குட்டிக் கிராமத்துக்கு இந்தக் கோடையில்தான் குடிவந்தோம். நான் முதியோர் இல்லத்தில் கேரர், வீட்டுக்காரருக்குக் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, பிள்ளைகள் ஏழு வயதில் ஒன்று, நாலு வயதில் ஒன்று. பிறந்ததிலிருந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை).

வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பழைய கோயில் இருக்கிறது, வட்டக் கோபுரம், சுவர் முழுக்கச் சக்கிமுக்கிக் கல். எல்லா ஞாயிறும் ஆராதனை கிடையாது, எந்த வாரம் எந்த ஊரில் என்று கதவில் ஒட்டியிருக்கிற தாளைப் பார்த்துத்தான் போக வேண்டும். போனாலும் பத்துப் பதினைந்து பேர்தான், எங்கள் அம்மா வயதுக்காரர்களே அங்கே இளசு. ஆர்கன் வாசிக்கிற தாத்தா வராத வாரம் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் கூடவே முணுமுணுக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகையாம், முந்தின நாள் சாயங்காலம் ஊர் மண்டபத்தில் சாப்பாடும் ஏலமுமாம். துண்டுச்சீட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த அம்மா, சும்மா வாங்க, ஒரு புட்டிங் மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார். எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகை என்றால் வாழைத்தார், தேங்காய், கால் கட்டின சேவல், முருங்கைக்காய்க் கட்டு என்று பீடத்துக்கு முன்னால் குவிந்துவிடும். இங்கே எங்களுக்கு வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. கடையில் வாங்கின ஆப்பிளைக் கொண்டுபோய் வைத்தால் நன்றாகவா இருக்கும்? நற்கருணைக்கு நாங்கள் முன்னால் போகலாமா, அல்லது தனியாகச் சேர வேண்டுமா? அப்புறம், நாங்கள் நாலு பேரும் உள்ளே நுழைந்தாலே மொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கிறது. கூப்பிட்டது மரியாதைக்கா, உண்மையாகவே வரச்சொல்கிறார்களா? இந்த மாதிரி கிராமத்துச் சபையில் இருந்து பழகினவர்கள் சொல்லுங்கள்.

—

பீட்லாரி:

தங்கச்சி, நானும் நார்ஃபோக்தான், பிள்ளைகள் வளர்ந்து வெளியே போகிற அளவுக்கு இங்கே இருந்துவிட்டேன். பண்டிகைக்கு டின் கொண்டு போங்கள். தக்காளி டின், பீன்ஸ் டின், பாஸ்தா, கெடாத பால், தேயிலை, பற்பசை, குழந்தைகளுக்கான நாப்பி, இதில் எதுவானாலும் சரி. நிறையச் சபைகளில் பண்டிகை முடிந்ததும் சாமான்கள் பக்கத்து டவுனில் இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கிற ஃபுட் பேங்குக்குப் போய்விடும், அங்கே வாழைத்தாரைக் கொடுத்தால் அவர்கள்தான் திண்டாடுவார்கள். கடை ஆப்பிளை வைத்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அலங்காரத்தைப் பார்க்கச் சனிக்கிழமை காலையிலேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பூ வைக்கிற அம்மாக்கள் ஜன்னல் விளிம்பு ஒவ்வொன்றையும் பங்கு போட்டுக்கொண்டு டாலியா, கோதுமைக் கதிர், பரங்கிக்காய், மரத்தடியில் பொறுக்கின செஸ்ட்நட் கொட்டை என்று அடுக்குவார்கள், யார் ஜன்னலில் யார் கை வைப்பது என்று ஒரு அரசியலே நடக்கும். பீடத்துக்குப் பக்கத்தில் கோதுமைக் கட்டு வடிவத்தில் ஒரு பெரிய ரொட்டி இருந்தாலும் இருக்கும். கதிர் கதிராகக் கத்தரியால் வெட்டி, முட்டை பூசி, மரக்கட்டை மாதிரி ஆகும்வரை சுட்டிருப்பார்கள், சாப்பிடுவதற்கு இல்லை. தண்டுப் பக்கம் மாவிலேயே செய்த ஒரு சுண்டெலி ஏறிக்கொண்டிருக்கும், உங்கள் நாலு வயசுக்காரரை அதைத் தேடச் சொல்லுங்கள்.

பார்த்தால் ஏதோ ஆயிரம் வருஷத்து வழக்கம் மாதிரித் தெரியும். அறுப்பு முடிந்ததும் பண்ணைக்காரர்கள் வேலையாட்களுக்கு விருந்து போடுவது பழைய பழக்கம்தான், அதில் குடியும் கூத்தும்தான் அதிகம். கோயிலுக்குள் வைத்து நன்றி ஆராதனையாக நடத்துகிற இந்த முறை பரவியது கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ என்கிற கடலோர ஊர்க் குருவானவர் ராபர்ட் ஹாக்கர் 1843இல் ஆரம்பித்து வைத்த பிறகு. அதே சமயத்தில்தான் நம்ம பக்கம் மிஷனெரிமார் சபைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841. அதனால் உங்களுக்கு அங்கே பாதிக்கு மேல் பழகினதாகத்தான் இருக்கும், ஏலம் உட்பட.

ஏலம் விடுகிறவர் பெரும்பாலும் உள்ளூர் விவசாயியாக இருப்பார். ஒரு டஜன் முட்டை, ஜாம் பாட்டில், யாருக்கும் வேண்டாத பெரிய சுரைக்காய் சைஸ் மேரோ என்கிற காய் எல்லாம் கடை விலையைப் போல இரண்டு மடங்கு மூன்று மடங்குக்குப் போகும். எடுத்தவரே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. பணம் ஏதாவது தொண்டுக்கோ கோயில் கூரைக்கோ போகும். நீங்களும் ஒரு தடவை கை தூக்குங்கள், ஊரே உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளும்.

நற்கருணையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27இல் உருவானதே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் போன்ற சபைகள் ஒன்றாகச் சேர்ந்துதான், இன்றைக்கு உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அதுவும் ஒரு அங்கம். நம்ம சபையில் நற்கருணை எடுக்கிறவர்கள் இங்கேயும் தாராளமாக எடுக்கலாம். பிள்ளைகளையும் முன்னால் கூட்டிப்போங்கள், குருவானவர் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். ஞானஸ்நானம் பெற்று, 16 வயது நிறைந்து, அந்தச் சபையின் எல்லைக்குள் குடியிருந்தால் சபைப் பட்டியலில் பெயரும் எழுதலாம். ஒரு படிவம்தான், சந்தா கிடையாது. வருஷாந்தரக் கூட்டத்தில் ஓட்டுப் போடுகிற உரிமை அதில்தான் வருகிறது.

வாரம் ஒரு ஊரில் ஆராதனை என்பதை நம்ம சேகரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நார்ஃபோக்கில் மட்டும் இடைக்காலத்துக் கோயில்கள் 600க்கும் மேல் நிற்கின்றன, கம்பளி வியாபாரத்தில் பணம் கொழித்த காலத்தில் ஊருக்கு ஊர் கட்டிவிட்டார்கள், இப்போது ஒரே குருவானவர் ஆறு ஏழு கோயிலைச் சுமக்கிறார். அந்தப் பதினைந்து பேர்தான் கூரையில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஏழு வயசுப் பிள்ளை உள்ளே நுழைந்தால் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

—

லெஸ்டர்வாசி:

அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். நாங்களும் லிங்கன்ஷயரில் இப்படி ஒரு கிராமத்தில் இருந்துவிட்டுத்தான் டவுனுக்கு மாறினோம். அறுப்பின் பண்டிகைக்கு 80 பேர் வருவார்கள், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடுத்த ஞாயிறு அதே பதினைந்து பேர்தான். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி கிடையாது, சேர்ந்து விளையாட இன்னொரு பிள்ளை கிடையாது. எங்கள் மூத்தவள் ஆராதனை முழுக்க முன்னால் இருந்த பெஞ்சின் பின்பக்கத்தை எண்ணிக்கொண்டிருப்பாள். காபி நேரத்தில் எல்லாரும் அன்பாகத்தான் பேசுவார்கள், ஆனால் பேச்சு மழையிலும் முழங்கால் வலியிலும் போய் நின்றுவிடும்.

மாதத்தில் ஒரு தடவையாவது கார் எடுத்துக்கொண்டு ஏதாவது பெரிய ஊரில் உள்ள தமிழ்ச் சபைக்குப் போங்கள். பிள்ளைகள் தமிழில் ஜெபம் பண்ணக் கேட்க வேண்டாமா? கிராமத்துக் கோயிலை விடச் சொல்லவில்லை. அதையே முழுசாக நம்பி உட்கார்ந்தால் நவம்பரில் உங்களுக்கே மனசு சோர்ந்துபோகும்.

—

பீட்லாரி:

தமிழ்ச் சபைக்குப் போவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் 80 பேர் வருகிற அந்த ஒரு நாளைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன் என்கிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மீதி 65 பேரும் அந்தக் கோயிலைத் தங்கள் கோயில் என்றுதான் நினைக்கிறார்கள், கல்யாணமும் அடக்கமும் அங்கேதான். தங்கச்சி போய் உட்கார வேண்டியது அவர்கள் நடுவில்தான். பள்ளிக்கூட வாசலில் பார்க்கிற அம்மாமார், கடைக்காரர், டிராக்டர் ஓட்டுகிற பையன் எல்லாரும் அந்தச் சாப்பாட்டில் இருப்பார்கள். பனிக்காலத்தில் கார் ஸ்டார்ட் ஆகாத அன்றைக்கு யாரைக் கூப்பிடுவீர்கள், 60 மைல் தள்ளியிருக்கிற சபைக்காரரையா?

—

டெவன்_நர்ஸ்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அக்டோபரோடு நிறுத்திவிட்டீர்கள், எனக்கு என்னவோ இலையுதிர்காலத்தில் கோயிலுக்கு உயிர் வருவதே அதற்கப்புறம்தான் என்று படும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். மறந்தவர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பூட்டின கதவுக்கு வெளியே நிற்பார்கள், வருஷம் தவறாமல் யாராவது ஒருத்தர் மாட்டுவார். அதற்கப்புறம் சீக்கிரமே சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

நவம்பர் 2 சகல ஆத்துமாக்கள் நாள், நம்ம கல்லறைத் திருநாள். இங்கே கல்லறையில் மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கூட்டம் சேராது. அதை ஒட்டி வருகிற ஒரு சாயங்காலம், அந்த வருஷம் இறந்தவர்களின் வீட்டாருக்குக் கடிதம் போட்டு வரவழைத்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள், பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி. பின்பக்கத்தில் ஒரு தாள் வைத்திருப்பார்கள், உங்கள் வீட்டில் இறந்தவர்கள் பெயரையும் அதில் எழுதலாம். நான் எங்கள் அப்பா பெயரை எழுதினேன். வாசிக்கப்போகிற அம்மா முந்தின நாளே ஃபோன் பண்ணி எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கூப்பிட்டது மரியாதைக்கா என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் என் பதில்.

அப்புறம் நவம்பர் இரண்டாம் ஞாயிறு, போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறு. அன்றைக்குக் கோயிலுக்கே வராதவர்கள்கூடச் சட்டையில் பாப்பிப் பூ குத்திக்கொண்டு ஊர் நினைவுக்கல் முன்னால் நிற்பார்கள், சரியாக 11 மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனம். குட்டி ஊர்க் கல்லிலும் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று தடவை இருக்கும். முதல் உலகப் போருக்குப் போன எல்லாரும் உயிரோடு திரும்பிய கிராமங்கள் நாடு முழுக்க 50 சொச்சம்தான். அது வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அந்தப் போரில் இந்தியச் சிப்பாய்களும் 70,000 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து பேச ஆரம்பித்ததே அதைப் பற்றித்தான், அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இந்தியப் படையோடு இருந்தவராம். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் நல்ல கோட்டும் காலுறையும் போட்டுக் கூட்டிப்போங்கள், அரை மணி நேரம் வெளியே நிற்க வேண்டும்.

குளிரைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. கோயிலுக்குள் வெளியைவிடக் குளிராக இருக்கும், உண்மையாகத்தான் சொல்கிறேன். கல் கட்டடம் சூடாவதற்குள் ஆராதனை முடிந்துவிடும், எண்ணெய் விலைக்கு முந்தின நாளிலிருந்தே ஹீட்டர் போடவும் கட்டுப்படியாகாது. சில ஊர்களில் குளிர்காலம் முழுக்க ஆராதனையை ஊர் மண்டபத்துக்கே மாற்றிவிடுகிறார்கள். பெஞ்சில் மடித்து வைத்திருக்கிற போர்வை அலங்காரத்துக்கு இல்லை, எடுத்து மூடிக்கொள்ளுங்கள்.

—

நாசரேத்துக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லெஸ்டர் அண்ணன் சொன்னதும் மனசில் இருக்கிறது, தமிழ்ச் சபைக்கும் போகப் பார்க்கிறோம், வீட்டுக்காரருக்கு ஞாயிறு ஷிப்ட் இல்லாத வாரம்தான் முடியும். இப்போதைக்கு சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு எல்லாருமாகப் போகிறோம். புட்டிங் என்றால் பால்கோவா மாதிரி ஏதாவதா, கேக்கா? நான் நெய் விட்டு ரவா கேசரி கிண்டலாம் என்றிருக்கிறேன். காணிக்கைக் கவரில் ஒரு கட்டம் போட்டு டிக் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள், அது என்ன?

—

பீட்லாரி:

புட்டிங் என்றால் சாப்பாட்டுக்கு அப்புறம் தின்கிற எந்த இனிப்பும்தான், கேசரி போதும். அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ஆப்பிள் பை, ஆப்பிள் கிரம்பிள், இன்னொரு ஆப்பிள் பையாகத்தான் இருக்கும், அதனால் உங்கள் தட்டு முதலில் காலியாகும். முந்திரி போட்டால் ஒரு சீட்டில் முந்திரி, பால், கோதுமை இருக்கிறது என்று எழுதித் தட்டுப் பக்கத்தில் வையுங்கள், இங்கே அலர்ஜி விஷயத்தில் ரொம்பக் கவனம்.

அந்தக் கட்டம் கிஃப்ட் எய்டு. நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவர் என்றால் டிக் போட்டுப் பெயர், விலாசம் எழுதுங்கள், நீங்கள் போடுகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுக்கும். போதுமான வரி கட்டாதவர் போட்டால் அந்தத் தொகை உங்கள் தலையில் விடியும், அதனால் வீட்டுக்காரர் சம்பளச் சீட்டையும் பார்த்து யார் பெயரில் போடுவது என்று முடிவு பண்ணுங்கள்.

நடந்து போவதானால் டார்ச் அவசியம். இப்போது சர்க்கரை பீட் அறுப்பு ஆரம்பித்திருக்கும், பிப்ரவரி வரைக்கும் நடக்கும், டிராக்டர் சக்கரத்தில் ஒட்டின சேறு ரோடு முழுக்க வழுக்கும், நடைபாதையும் இருக்காது. அப்புறம் சீட்டில் ஆறரை என்று போட்டிருந்தால் ஆறரைக்கே உட்கார்ந்திருப்பார்கள், நம்ம ஊர்க் கணக்கில் ஏழேகாலுக்குக் கிளம்பாதீர்கள்.