பேக்பாக்ஸ் மடங்க மாட்டேன் என்கிறது, வியாழக்கிழமை லாரி வருகிறது: பின்பால் மெஷினை அனுப்ப உதவி தேவை

வால்ஆட்டும்மீன்:

வணக்கம். என்னிடம் இருக்கும் ஃபிஷ் டேல்ஸ் பின்பால் மெஷின் (வில்லியம்ஸ் கம்பெனி, 1992) கைமாறுகிறது. வாங்கியவர் வெகு தூரத்தில் இருக்கிறார், அதனால் சரக்கு லாரியில்தான் போகிறது. வியாழக்கிழமை காலை எடுக்க வருவார்கள். "பேலட்டில் (சரக்கு ஏற்றும் மரத்தட்டு) கட்டித் தயாராக வைத்திருங்கள், எங்கள் ஆள் பிரிக்கவோ கட்டவோ மாட்டார்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

நேற்று இரவு பேக்பாக்ஸை, அதாவது படமும் ஸ்கோரும் தெரியும் தலைப்பகுதியை, மடக்கிப் பார்த்தேன். பின்பக்கம் இருக்கும் தாழ்ப்பாளில் ஆலன் கீயைப் போட்டுத் திருப்பினேன், 'டக்' என்று திறந்தும் விட்டது. ஆனால் தலை ஒரு விரல் அளவுதான் முன்னால் சாய்கிறது. அதற்கு மேல் அசையவில்லை. என் மைத்துனர் "ஒரு தள்ளு தள்ளினால் வந்துவிடும்" என்கிறார். நான் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. உள்ளே ஓடும் இரும்புக் குண்டுகளை, அதாவது பால்களை வெளியே எடுத்தேன். மேனுவலில் 3 என்று இருக்கிறது, எனக்குக் கிடைத்தது 2. மூன்றாவது உள்ளேயே கிடக்கட்டும், போய்ச் சேர்ந்ததும் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

பழைய_ஃப்ளிப்பர்:

மைத்துனரைக் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்க்கச் சொல்லுங்கள். தள்ளவே வேண்டாம்.

தாழ்ப்பாள் திறந்தும் தலை வரவில்லை என்றால் உள்ளே போல்ட் இருக்கிறது. பேக்பாக்ஸின் அடித்தளத்திலிருந்து கேபினெட்டுக்குள் (கீழே இருக்கும் பெரிய பெட்டி) இறங்கும் போல்ட்டுகள். தாழ்ப்பாள் மட்டும் போதாது என்று கவனமான ஆட்கள் போட்டு வைத்திருப்பார்கள். முன்பு வைத்திருந்தவர் நல்ல ஆள் போலிருக்கிறது. தள்ளினால் மரம் பிளக்கும், இல்லாவிட்டால் கீல் வளையும்.

எப்படிப் போவது என்றால்: பேக்பாக்ஸ் சாவியால் திறந்து, படம் இருக்கும் கண்ணாடியை மேலே தூக்கி அடியை முன்னால் இழுத்து எடுங்கள். அப்புறம் டிஸ்பிளேயும் ஸ்பீக்கரும் இருக்கும் பலகை. அதன் கேபிளைப் பார்த்து மெதுவாகச் சாயுங்கள். அதற்குப் பின்னால் பல்புகள் இருக்கும் பலகை கதவு மாதிரித் திறக்கும். இப்போது டார்ச் அடித்து அடித்தளத்தைப் பாருங்கள். இடதும் வலதுமாக இரண்டு போல்ட் தெரியும். கழற்றியதும் ஒரு பையில் போட்டு, "தலை போல்ட்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆனால் இப்போதே கழற்றாதீர்கள். தலை மடங்காதது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. முதலில் மூன்றாவது பாலைக் கண்டுபிடியுங்கள். மெஷின் நிமிர்ந்து நிற்கும்போதுதான் கரண்ட் போட்டுப் பார்க்க முடியும்.

கம்பிச்சுருள்:

பாலை விட்டுவிடலாமா என்று கேட்டதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு பால் 80 கிராம், 27 மில்லிமீட்டர் இரும்பு. லாரியில் மெஷின் தரையோடு படுத்து, விளையாடும்போது இருந்த சாய்வில் போகப்போவதில்லை. நிமிர்த்திப் பின்பக்கம் தரையில் படும்படி நிறுத்துவார்கள். அப்போது பிளேஃபீல்டின், அதாவது பால் ஓடும் பலகையின், மேற்பகுதி கீழே வந்துவிடும். உள்ளே தனியாக இருக்கும் பால் ஒவ்வொரு பள்ளத்திலும் எகிறிக் குதித்து பிளாஸ்டிக்குகளையும் ராம்ப்களையும் பல்புகளையும் உடைத்துக்கொண்டே வரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும் வழி: மெஷினை ஆன் செய்யுங்கள். காயின் டோருக்குள் (முன்பக்கம் நாணயம் போடும் கதவு) நான்கு பொத்தான்கள் இருக்கும். அதில் டெஸ்ட் மெனுவுக்குள் போய் சோலனாய்டு டெஸ்ட். பாலைத் தள்ளும் மின்சுருள்கள், அதாவது காயில்கள், ஒவ்வொன்றாகத் துடிக்கும். லாக்கில் (பாலைப் பிடித்து வைக்கும் இடம்) உட்கார்ந்திருக்கும் பால் துப்பி எறியப்படும். சில மெஷின்களில் டோர் திறந்திருந்தால் காயில்களுக்குக் கரண்ட் போகாது, அது பாதுகாப்புக்கு வைத்தது. காயில் துடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயோ தடுப்புக்குள்ளேயோ நிரந்தரமாக அடைபட்ட பால் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது அங்கேயே இருப்பதற்காக வைத்தது.

வால்ஆட்டும்மீன்:

கிடைத்துவிட்டது! லாக்கில்தான் ஒளிந்திருந்தது. டெஸ்ட்டில் காயில் அடித்ததும் சிதறி ஓடி வந்து ஃப்ளிப்பர்களுக்கு நடுவே விழுந்தது. மூன்றையும் ஒரு பழைய சாக்ஸில் போட்டு முடிந்து வைத்திருக்கிறேன்.

போல்ட்டும் இரண்டு இருந்தன, நீங்கள் சொன்ன அதே இடத்தில். ஒன்று கைக்கே வந்தது, மற்றொன்று துருப்பிடித்துக் கொஞ்சம் படுத்தியது.

தலைக்கு மேலே இருக்கும் மீன் பொம்மையை என்ன செய்வது? அதுதான் எனக்குக் கவலையே. அது இல்லாவிட்டால் இந்த மெஷினுக்கு முகமே இல்லை.

பழைய_ஃப்ளிப்பர்:

மீனைக் கட்டாயம் கழற்ற வேண்டும். தலையை மடக்கினால் அது முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், முதல் கயிறு படும்போதே வால் போய்விடும். அதன் ஒயர் பேக்பாக்ஸுக்குள் வரும். கனெக்டரை உருவும் முன் ஒரு போட்டோ எடுங்கள். திருகுகளைக் கழற்றி அவற்றையும் தனிப் பையில். மீன் தனிப் பெட்டியில் போகட்டும், சுற்றிலும் மெத்தென்று ஏதாவது அடைத்து. முடிந்தால் அந்தப் பெட்டியை வாங்குபவருக்குத் தனியாகவே அனுப்புங்கள். லாரியில் எதன் அடியில் போகும் என்று யாருக்குத் தெரியும்.

மடக்குவதற்கு முன் பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். பேக்பாக்ஸுக்குள் சிபியு போர்டில் (மெஷினை இயக்கும் மின்பலகை) மூன்று ஏஏ பேட்டரி இருக்கும். கசிந்தால் போர்டின் செம்புத் தடங்களையே தின்றுவிடும். எடுத்தால் செட்டிங்ஸ் அழிந்து, அடுத்த முறை ஆன் செய்யும்போது ஃபேக்டரி செட்டிங்ஸ் திரும்பியதாகக் காட்டும். ஹை ஸ்கோர் பட்டியலும் போய்விடும். உங்கள் பெயர் அதில் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அழுதுகொள்ளலாம்.

டில்ட்_ஆனவன்:

தாமதமாக வருகிறேன், ஆனால் ஒருவரும் சொல்லாததால் சொல்கிறேன். டில்ட் ஊசல்!

காயின் டோரைத் திறந்தால் கேபினெட்டின் இடப்பக்கச் சுவரில் ஒரு கம்பியில் ஒரு சின்னக் கூம்புக் குண்டு தொங்கும், அதைச் சுற்றி ஒரு வளையம். மெஷினை ஆட்டினால் டில்ட் ஆவது, அதாவது அந்தப் பால் பறிபோவது, அதனால்தான். மெஷினை நிமிர்த்தினால் அது கொக்கியிலிருந்து நழுவி விழும். விழுந்த பிறகு உள்ளே இருக்கும் ஒயர்களுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே உருளும். இறக்கிப் பையில் போடுங்கள். நாணயப் பெட்டியையும் காலி செய்யுங்கள். கேபினெட்டின் அடியில் டார்ச் அடித்து, விழுந்து கிடக்கும் திருகு, உடைந்த ரப்பர் வளையம், எல்லாவற்றையும் பொறுக்குங்கள்.

கால்களைக் கேபினெட்டுக்குள் போட்டு அனுப்பாதீர்கள், இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஒருமுறை நான் வாங்கிய மெஷினில், அனுப்பியவர் இடத்தை மிச்சப்படுத்த நான்கு கால்களையும் உள்ளே படுக்க வைத்திருந்தார். திறந்தபோது பிளேஃபீல்டின் அடிப்பக்கத்தில் ஒரு காயில் பிராக்கெட் வளைந்து, ஒரு ஒயர் கொத்து பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கால் ஒவ்வொன்றும் இரும்பு. அவை உள்ளே ஊஞ்சலாடி இருக்கின்றன. இரண்டு வார இறுதிகள் சோல்டர் அடித்தே போயின.

கால்களை ஒன்றோடு ஒன்று உரசாமல் துணியில் சுற்றி, நான்கையும் ஒரே கட்டாகக் கட்டிப் பேலட்டில் சேர்த்துக் கட்டுங்கள். கால் போல்ட் எட்டும் 5/8 அங்குலம், 16 எம்எம் சாக்கெட் சரியாகப் பொருந்தும்.

வால்ஆட்டும்மீன்:

நல்லவேளை, டில்ட் குண்டை நான் மறந்தே போயிருந்தேன். காயின் டோரின் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் கிடைத்தது. எதிலிருந்து கழன்றது என்று தெரியவில்லை. அதுவும் பையில்.

இரண்டு கேள்விகள். பிளேஃபீல்டை மூடியிருக்கும் மேல் கண்ணாடியை எடுத்துவிட்டு அனுப்பலாமா, விட்டுவிடலாமா? கால்களை எந்த வரிசையில் கழற்றுவது? இங்கே நானும் மைத்துனரும்தான்.

கம்பிச்சுருள்:

வரிசை முக்கியம். முதலில் தலை, பிறகுதான் கால். தலை நிமிர்ந்திருக்கும்போது கால்களைக் கழற்றினால் மொத்த எடையும் மேலே இருக்கும், பின்னால் சாய்ந்துவிடும்.

தலையை மடக்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் கேபினெட்டுக்குள் போகும் கேபிள்கள் கீலில் நசுங்காமல் பார்க்க வேண்டும். பக்கச் சட்டங்களின் மேல் ஒரு தடித்த போர்வை விரித்துவிட்டு அதன் மேல் இறக்குங்கள். பிறகு தலையையும் கேபினெட்டையும் சேர்த்து ஒரு பட்டையால் கட்டுங்கள், இல்லையென்றால் நிமிர்த்தும்போது தலை விரிந்துகொள்ளும். நான் இதை ஒருமுறை பார்த்தேன், மறுமுறை பார்க்க விருப்பம் இல்லை.

அப்புறம் பின்கால்கள். இருவரும் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் ஏதாவது வைத்து, பின்கால்களைக் கழற்றி, பின்பக்கத்தைத் தரையில் இறக்குங்கள். இப்போது மெஷின் சாய்ந்து நிற்கும். முன்பக்கத்தைத் தூக்கி அப்படியே நிமிர்த்தினால் பின்பக்கத்தின் மேல் நேராக நிற்கும். முன்கால்கள் இடுப்பு உயரத்துக்கு மேல் வந்துவிடும், நின்றபடியே கழற்றலாம். 110 கிலோவுக்கும் மேல் இருக்கும், அவசரமே வேண்டாம்.

நிற்கும் இடத்தில் இரண்டு மரக்கட்டையோ தடித்த ஃபோமோ போடுங்கள். பின்பக்கம்தான் பவர் கார்டு வெளியே வரும், தாழ்ப்பாளும் அங்கேதான். கார்டைச் சுருட்டி உள்ளே செருகிவிட்டால் நசுங்காது.

பழைய_ஃப்ளிப்பர்:

கண்ணாடி விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. நான் விட்டுவிடும் கட்சி. டெம்பர்ட் கண்ணாடி, முகத்தில் அடித்தால் தாங்கும், விளிம்பில் ஒரு சின்ன இடி பட்டால் மொத்தமும் சர்க்கரையாக நொறுங்கும். கேபினெட்டின் பள்ளங்களுக்குள் இருக்கும்வரை விளிம்பு பத்திரம். வெளியே எடுத்துத் தனியாக அனுப்பினால் நான்கு விளிம்புக்கும் நீங்கள்தான் காவல். லாக்டவுன் பார் (கண்ணாடியை முன்பக்கம் பிடித்து வைக்கும் சட்டம்) மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டில்ட்_ஆனவன்:

நான் எடுத்துவிடும் கட்சி. நொறுங்கினால் பிளேஃபீல்டில் இருக்கும் ஒவ்வொரு இடுக்கிலும் துண்டு போய் உட்காரும். ஆனால் வியாழக்கிழமைக்குள் கண்ணாடிக்கு நல்ல பெட்டி செய்ய நேரமில்லை என்றால் அண்ணன் சொல்வதே சரி. எடுத்தால் டைல்ஸ் தரையில் நிறுத்தாதீர்கள், கம்பளத்தின் மேல் மட்டும்.

பழைய_ஃப்ளிப்பர்:

சுற்றும் விதம்: முதலில் போர்வை, மூலைகளில் தடித்த அட்டை, அதற்கு மேல்தான் ஸ்ட்ரெட்ச் ராப். பேக்கிங் டேப் கேபினெட்டின் படத்தின் மேல் நேரடியாகப் படவே கூடாது, உரிக்கும்போது பெயின்ட்டோடு வரும். பேலட்டில் இரண்டு திசையிலும் பட்டை போட்டு இறுக்குங்கள், பட்டை படும் மூலையில் அட்டை வேண்டும். மேல் நுனியில் பால் ஏவும் கைப்பிடி நீட்டிக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றிக் கனமாக அட்டையைக் கட்டி "மேலே எதுவும் வைக்காதே" என்று நாலு பக்கமும் எழுதுங்கள். அம்புக்குறி போட்டு எது மேல்பக்கம் என்பதையும்.

ஏற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ. வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்: கையெழுத்துப் போடும் முன் பிரித்துப் பார்த்து, அடிபட்டிருந்தால் ரசீதிலேயே எழுத வேண்டும். பின்னால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். குளிரில் வந்திருந்தால் உடனே ஆன் செய்ய வேண்டாம், உள்ளே ஈரம் பூத்திருக்கும், அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கட்டும். வந்து இறக்க லிஃப்ட்கேட் லாரி (சரக்கை இறக்கும் தூக்குப் பலகை உள்ளது) வருமா என்பதையும் நீங்களே கேட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் தெருவில் பேலட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வால்ஆட்டும்மீன்:

போய்விட்டது. கண்ணாடி உள்ளேயே. மைத்துனர் முதல்முறையாக மெதுவாக வேலை செய்தார். ஓட்டுநர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பேலட்டின் பட்டையை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "சரி" என்றார். ஏழு நிமிடத்தில் ஏற்றிவிட்டார். பால்கள், டில்ட் குண்டு, போல்ட்டுகள், அந்த ஊர்பேர் தெரியாத ஸ்பிரிங், எல்லாம் மீன் பெட்டியில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டவில்லை. பூட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். லாரி தெரு முனை திரும்பிய பிறகுதான் கை வைத்துப் பார்த்தேன். காயின் டோர் சாவி, பேக்பாக்ஸ் சாவி, இரண்டும். இப்போது கூரியருக்குக் கிளம்புகிறேன்.

பழைய_ஃப்ளிப்பர்:

கவரில் அட்டை வைத்து ஒட்டி அனுப்புங்கள், சாவி கவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.